பெட்டிமேல் மருமகள்

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் அய்யாதுரைக்கு ஒருவர்மேல் பாசம் வந்துவிட்டால், அவர் முகத்தைப் பட்டாசுப் பெட்டியில் ஒட்டாமல் தூக்கம் வராது. மனைவி பொன்னுத்தங்கம், கல்யாணமான புதிதில் எடுத்த படத்தோடு இன்றைக்கும் புஸ்வாணப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருக்கிறார். மகன் மகேஷ்குமார் தொட்டிலில் கிடந்தபோதே கம்பி மத்தாப்புக்குப் போய்விட்டான். அக்காவை, இருப்பதிலேயே சின்னப் பெட்டியான ஊசி வெடியில் போட்டார். "உம் மனசுல எனக்கு இம்புட்டு எடந்தானா" என்று கேட்டுவிட்டுப் போன அந்த அம்மாள் பல வருடம் சித்திரைப் பொங்கலுக்கே வரவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் மகனுக்குப் பேசி முடித்த பெண்ணை மட்டும் சும்மா விடுவாரா? கிரகக்கோளாறு என்னவென்றால், பெண் கீர்த்திகாவுக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் வேலை. அதிலும் பருவநிலை மாற்றப் பிரிவில். மாவட்டத்தில் எங்கெங்கே புகை கிளம்புகிறது, அதை எப்படிக் குறைப்பது, எந்த ரூட்டில் மின்சார பஸ் விடுவது, யார் வீட்டு மாடியில் சோலார் போடுவது என்று எந்நேரமும் இதே நினைப்பாக இருப்பவள். மாப்பிள்ளை வீடு பட்டாசுக் கம்பெனி என்றதும் தயங்கத்தான் செய்தாள். மகேஷ்குமாரைப் பிடித்துப்போனதால் சரி என்றாள். அய்யாதுரைக்கும் அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எதிரே உட்கார்ந்து புள்ளிவிவரத்தோடு சண்டை போடும் பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காரியம் செய்தார். கம்பெனியிலேயே பெரிய சரக்கு, வானத்தில் போய் அறுபது தடவை பூக்கும் ஷாட். அந்தப் பெட்டியில் அவள் படத்தைப் போட்டார். ஏதோ கூட்டத்தில், புகையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று விரலை உயர்த்திப் பேசியபோது பத்திரிகையில் வந்த படம் அது. பெட்டியில் அந்த விரல் வாணத்துக்கு வானத்தில் வழி காட்டியது. மேலே 'பசுமை ராணி' என்று பெயர். அவளுக்குப் பிடிக்குமே என்று பச்சை மையைத் தாராளமாகவே போடச் சொன்னார். லோடு வடக்கே போய்விட்டது.

அங்கே ஒரு நகரத்து அதிகாரி கண்ணில் பெட்டி பட்டது. காணொலிக் கூட்டத்தில் கீர்த்திகா கார்பனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்க, அவர் பெட்டியைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டி, இது தாங்கள்தானா என்று பணிவாக விசாரித்தார்.

அன்று சாயங்காலமே கீர்த்திகா அய்யாதுரை வீட்டு வாசலில் மின்சார ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் அய்யாதுரைக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று நிதானமாகச் சொன்னாள். பொன்னுத்தங்கம் தலையில் அடித்துக்கொண்டார். மகேஷ்குமாருக்கு முகம் செத்துப்போனது. மரியாதைக்குத்தான் போட்டேன், அடுத்த லோடே போகாது, இன்னும் என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று அய்யாதுரை கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

கீர்த்திகா ஒரு நிபந்தனை போட்டாள். சிகரெட் பெட்டியில் பயமுறுத்தும் படம் போடுகிறார்கள் அல்லவா, அதுபோல ஒரு ஸ்டிக்கர் அடிக்கவேண்டும். புகையில் ஒரு ஆள் இருமுகிற படம். போன பெட்டி, இருக்கிற பெட்டி எல்லாவற்றிலும் தன் முகத்தின்மேல் அதை ஒட்டியாகவேண்டும் என்றாள்.

"யாரு படம்மா?" என்றார் அய்யாதுரை.

"உங்க படந்தான் மாமா. எல்லாரையும் ஒட்டிட்டீக. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

மறுநாள் சிவகாசியில் ஒரு ஸ்டூடியோ. பனிமலை வரைந்த திரைக்கு முன்னால் அய்யாதுரையை நிறுத்தி இருமச் சொன்னான் படம் எடுக்கும் ஹரிஷ்குமார். அவருக்கு இருமல் வரவில்லை. ஒரு தடவை கொட்டாவி விடுவதாக வந்தது; ஒரு தடவை சங்கீதம் பாடுவதாக வந்தது. கீர்த்திகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மனிதர்மேல் குற்றமில்லை. கம்பெனிக்குள் தீப்பெட்டியே கூடாது. சரக்கை வெடித்துப் பார்ப்பது எட்டத்துக் கரிசல் காட்டில், அதுவும் வேலையாட்கள். தீபாவளிக்கு அவர் சீசன் முடிந்த அலுப்பில் குடும்பத்தோடு குற்றாலம் போய்விடுவார். ஊருக்கெல்லாம் புகை அனுப்பியவர் ஒரு நாளும் அதை நுகர்ந்ததில்லை.

"நம்ம சரக்கு இருக்கும்போது என்ன கவலை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து சாம்பிள் பாம்பு மாத்திரைகளை எடுத்தார். தாராள மனசுக்காரர், ஒன்று போதும் என்று ஹரிஷ்குமார் சொல்லச் சொல்ல அத்தனையையும் தட்டில் கொட்டிப் பற்றவைத்தார். ஏசி அறை, கதவு சாத்தியிருந்தது.

கறுப்புப் பாம்புகள் நெளிந்து எழுந்தன. பனிமலை மறைந்தது. அய்யாதுரை இருமினார். குனிந்து இருமினார், கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு இருமினார், கண்ணும் மூக்கும் ஒழுக, குலதெய்வத்தைக் கூப்பிட்டு இருமினார். ஹரிஷ்குமார் கடமை தவறாமல் படம் எடுத்துவிட்டு முதல் ஆளாக வெளியே ஓடினான். கீர்த்திகா அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தார். நெஞ்சு இன்னும் எரிந்தது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சிவந்த கண்ணோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தச் சனியனையா காசு குடுத்து வாங்குறாக?"

கீர்த்திகா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க மாமா" என்றாள். "இனிமே அந்த வீட்ல நான் தனி ஆளு இல்ல."