பத்து எண்ணும் வரை

...ஏழு, எட்டு... போச்சு, மறுபடியும் கத்துகிறாள், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், திரும்பிவிடாதே அமீருன்னிசா, திரும்பாதே. ஏழு வயது மகள் வஹிதா முதுகுக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்த, பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், பாப்பிரெட்டிப்பட்டியில் வேறு எந்த வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து? நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழம் கைக்குள் பிசுபிசுக்கிறது. கத்தினால் முகம் காட்டக் கூடாது, பத்து எண்ணும்வரை சத்தமில்லாமல் இருந்தால் உடனே ஒரு பழம், ஒரு 'நல்ல புள்ள'. பெங்களூர் டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இதுதான். இது மட்டும்தானா? அந்த அம்மா கன்னடத்தில் கால் மணி நேரம் பேசினாளே, வஹிதாவின் காதைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், என்னையும் காட்டினாள்... ஜவுளி வாங்கப் போய்ப் போய்க் கன்னடம் பழகிய என் வீட்டுக்காரர் இவர், வெளியே வந்ததும் அத்தனையையும் இரண்டே வரியில் முடித்துவிட்டார். 'வேற என்னங்க சொன்னாங்க?' 'அதான் சொன்னனே, பஸ்ஸுக்கு நேரமாவுது, வா.' இன்னொரு தடவை கேட்டிருந்தால் வாயா வலித்திருக்கும்? கேட்கவில்லை. என் புத்தி எப்போதும் இப்படித்தான்.

முன்கூடத்தில் இவருடைய அண்ணன் நசீருதீன். காலையிலேயே வந்தாயிற்று, வஹிதாவைக் கூட்டிப் போக. 'எமர்ஜென்சி வந்ததுலருந்து பஸ்ஸெல்லாம் டயத்துக்கு ஓடுது. நாளைக்கு தர்காவுல வுட்டுட்டு வந்துரலாம்டா சுபான். இந்த மாதிரி புத்தி சரியில்லாத புள்ளைங்கள சங்கிலி போட்டுப் பத்திரமா பாத்துக்குவாங்க.' அந்தக் காலில் கொலுசே தங்காது, பிய்த்து எறிந்துவிடுவாள், அதில் சங்கிலியா? இவர் இழுத்து இழுத்துச் சொல்கிறார், 'நோன்பு தொறக்கற வரைக்கும் பாக்கலாங்கண்ணே. சத்தமில்லாம இருந்துட்டா வூட்டுலயே இருக்கட்டும்.' அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, யா அல்லா, இந்த ஒரு மணி நேரம் போதும்... அட, நின்றுவிட்டதா? நின்றேவிட்டது. ஒன்று, இரண்டு, மூச்சுக்கூட விடாதே, ஐந்து, ஆறு, என் தங்கம், இன்னும் கொஞ்சம், ஒன்பது, பத்து. பத்து!

அமீருன்னிசா திரும்பினாள். வஹிதா மூலையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது, கன்னமெல்லாம் கண்ணீர், ஒரு முனகல் இல்லை. வலது கையைப் பழத்துக்காக நீட்டியிருந்தாள். அடிப்பாவி மகளே, சத்தத்தை இப்படியா விழுங்கினாய்? கையை வாயிலிருந்து பிடுங்கினால் கத்துவாள், கத்தினால் நாளைக்கு பஸ். பழத்தைக் கொடுத்தால்... கொடுத்தால் என்ன கற்றுக்கொள்வாள்? 'பரவால்லியே சுபான், புள்ள அடங்கிட்டாளே!' கூடத்திலிருந்து நசீருதீனின் குரல். 'அமீரு, என்ன பண்றா?' இது இவர். ஒன்றுமில்லை என்பதா, ஓடி வாருங்கள் என்பதா?

'சும்மாதாங்க இருக்கறா.' சொல்லிவிட்டாள். நீட்டிய கையில் பழத்தை வைத்தாள். 'நல்ல புள்ள.' சொன்ன வாயை என்ன செய்தால் தகும்? முந்தானையால் மணிக்கட்டைத் துடைக்கப் போனவளை வஹிதா தள்ளிவிட்டாள், பழத்தை மென்றாள், கொட்டையைத் துப்பினாள். பிறகு கண்ணை எடுக்காமல் அம்மாவையே பார்த்தபடி மெதுவாகக் கையை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோகிறாள்... இந்த ஏழு வருஷத்தில் இவள் என்னை நேருக்கு நேர் பார்ப்பது இதுதானே முதல் தடவை?