ஏழாம் பாத்தியின் பச்சைப் புல்

அந்த விதைப் பண்ணையில் களையெடுக்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் தலைவி சின்னவள்தான். வீட்டில் இளைய மருமகள் என்பதால் சின்னவள். வயது என்னவோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவள் கணவனின் அண்ணன் மனைவி பெரியவள். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து, ஒன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு, இருபது வருஷமாக ஒரே பண்ணைக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். போன அறுவடை வரைக்கும். இப்போது கதவைப் பூட்டும் வேலை இல்லை. பெரியவள் வீட்டில் இருக்கிறாள்.

அவளை வீட்டில் உட்கார வைத்தது சின்னவளின் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு பொய். அது வெளியே வர மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதோ ஏழு மாதமாக எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

பண்ணையின் வேலை இதுதான்: அங்கே விளைகிற நெல் சாப்பாட்டுக்குப் போகாது, விதைக்குப் போகும். மூட்டையில் நான்கு புல் விதை கலந்திருந்தாலும் வாங்குகிறவன் வயலில் அது நானூறாகிவிடும். அதனால் களையெடுப்பில் கண்டிப்பு அதிகம். முக்கியமான எதிரி ஒரு புல். நெல்லோடு நெல்லாக முளைக்கும். ஆனால் அடித்தண்டு மருதாணி வைத்த மாதிரி சிவந்திருக்கும். செங்காலி என்று பெண்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

செங்காலியைக் கண்டுபிடிப்பதில் சின்னவளை அடிக்க ஆளில்லை. நிமிர்ந்து நடந்துகொண்டே பத்தடி தள்ளி நிற்கும் சிவப்பைப் பார்த்துவிடுவாள். கழுகு என்று பட்டப்பெயர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் தலைவியின் விசிலை மாட்டியது அந்தக் கண்ணுக்காகத்தான். புதிதாக வருகிறவளுக்கு அவள் சொல்லிக் கொடுக்கும் பாடமும் ஒரே வரிதான்: "காலைப் பாரு. சிவப்பா இருந்தா பிடுங்கு. நட."

பெரியவள் மட்டும் கடைசி இரண்டு வருஷமாக நடக்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு தூரிலும் இலை பிரிகிற இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு எப்போதும் பின்தங்கி வருவாள்.

"என்னக்கா, புல்லுக்கு நாடி பிடிக்கிறீங்களா? காய்ச்சல் இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். வரிசையே சிரிக்கும்.

"சிரிங்கடி, சிரிங்க. இதுல ஏதோ ஒண்ணு வேற மாதிரி இருக்கு. கால் சிவக்கல. ஆனா நெல்லும் இல்ல. கையில பட்டா தெரியுது."

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்டா கிரீடம் இறங்கிடுமாக்கா?" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சின்னவள்தான். கழுகின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொருத்தியின் கைக்குத் தெரியுமா என்ற மப்பு.

போன பருவத்தில் கதிர் வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. ஏழாம் பாத்தியில் நெற்கதிருக்கு மேலே புல்லின் கதிர்கள் கூட்டம் கூட்டமாகத் தலை நீட்டின. மொத்த வயலும் விதைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டது. சூப்பர்வைசர் எல்லாரையும் வரப்பில் நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏழாம் பாத்தி யார் பார்த்தது?"

யாருக்கு எந்தப் பாத்தி என்று பிரிப்பது தலைவியின் வேலை. எழுதி வைக்கும் வழக்கமில்லை. எல்லாம் வாய்ச்சொல்தான். ஏழாம் பாத்தியை வேகமாக நடந்து முடித்தவள் சின்னவள். பக்கத்து எட்டாம் பாத்தியைத் தடவித் தடவி முடித்தவள் பெரியவள்.

"அக்கா பார்த்ததுங்க," என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளுக்கு அந்த ஒரு கணம்தான் இருந்தது. "இல்ல, தப்பா சொல்லிட்டேன்" என்று வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது. வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பெரியவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பாவம், கண் போய்விட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் சிரிக்கவும் முடியாத அழவும் முடியாத கூத்து. பெரியவளின் மகன் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கண் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். டாக்டருக்குத்தான் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார்கள் வீட்டில். சின்னவளின் கணவர் டிவியில் ஓடுகிற எழுத்தையெல்லாம் அண்ணிக்காக உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"தம்பி, கண்ணுதானே போச்சுன்னு சொன்னாங்க? காதும் போச்சுன்னா சொன்னாங்க?" என்று பெரியவள் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் சமையலறைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பெரியவள் ஒரு குத்தல் பேசியிருந்தால் பரவாயில்லை. ஒரு தட்டை ஓங்கி வைத்திருந்தாலும் பரவாயில்லை. காலையில் சோற்று டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்து, "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பாள். அந்தச் சோறு சின்னவளுக்கு ஏழு மாதமாகத் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது.

இந்தப் பருவம் நடவு முடிந்த கையோடு, பண்ணையின் பரிசோதனைக்கூடத்துப் பெண் எல்லாரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். எப்போதும் புல்லும் கையுமாகத் திரிவதால் புல் டாக்டர் என்று பெயர். கொட்டகையில் வரிசையாக நான்கு தட்டுகள் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் முழங்கை நீளத்துக்குப் புல்.

"வருஷா வருஷம் நெல்லைச் சலிக்கும்போது வர்ற புல் விதையை ஒரு பாட்டில்ல போட்டு, வருஷத்தை எழுதிக் குளிர் அறையில வெச்சிருக்காங்க. அதையெடுத்து முளைக்க வெச்சேன். ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வெளிச்சம். முதல் தட்டு பதினாலு வருஷத்துக்கு முந்தின விதை. பாருங்க."

முதல் தட்டு முழுக்கச் சிவந்த கால். தரையோடு படர்ந்து கிடந்தது. நடுநடுவே இரண்டு மூன்று மட்டும் பச்சையாக நின்றன. இரண்டாவது தட்டு ஏழு வருஷத்துக்கு முந்தினது. அதில் பாதி சிவப்பு, பாதி பச்சை. மூன்றாவது போன வருஷத்து விதை. அதில் சிவப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் பச்சை, எல்லாம் நெல் மாதிரி நிமிர்ந்து நின்றன.

"அடி ஆத்தாடி! நாம சிவப்பைத்தான் பிடுங்குறோம்னு புல்லுக்கு யார் போய்ச் சொன்னது?" என்றாள் வரிசையில் வாயாடி என்று பெயரெடுத்தவள்.

"யாரும் சொல்லல. புல்லுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு புல்லுகூட சிவப்பா இருந்து பச்சையா மாறல. முதல் தட்டுலயே ரெண்டு மூணு பச்சை இருக்கு பாருங்க. பிறக்கும்போதே அப்படித்தான். ஒரு வயித்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே நிறமாவா பிறக்குது? நீங்க சிவப்பைப் பார்த்தீங்க, பிடுங்கினீங்க. அது விதை போடல. பச்சை உங்க கண்ணுல படல. அது விதை போட்டுச்சு. அதோட பிள்ளையும் பச்சை. மறு வருஷம் பச்சை கொஞ்சம் கூடுது. அதுக்கு மறு வருஷம் இன்னும் கூடுது. இப்படியே பதினாலு வருஷம்."

"மண்ணு மாறிப்போயி, உரம் மாறிப்போயி இப்படி ஆகியிருக்கலாமில்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒரே மண்ணுல வளர்த்தேன். நாலாவது தட்டையும் பாருங்க. அதுவும் போன வருஷத்து விதைதான், ஆனா வேலிக்கு வெளியில வாய்க்கால் ஓரத்துல எடுத்தது. அங்க யாரும் களையெடுக்கிறதில்ல."

நான்காவது தட்டு முழுக்கச் சிவப்பு. பழைய செங்காலி.

"அப்போ நல்ல பச்சையா பார்த்துப் பொறுக்கி வளர்த்தது யாரு?" என்று கேட்டாள் வாயாடி.

"நீங்கதான். உங்க கண்ணுதான். காட்டுல இதே வேலையை வெயிலும் பஞ்சமும் பறவையும் செய்யுது. அங்க யாரும் விசில் ஊதுறதில்ல, அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே சின்னவளைப் பார்த்தார்கள். அவள் மூன்றாவது தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு ஒன்றாகப் பதினான்கு பருவம். எல்லாரையும்விட வேகமாக, எல்லாரையும்விடக் கூர்மையாகப் பார்த்த கண். அந்தக் கூர்மைதான் இவ்வளவு அழகாகச் சலித்துச் சலித்து நெல்லுக்கு நகல் எடுத்திருக்கிறது.

"அப்போ போன வருஷம் நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் சூப்பர்வைசர். "கழுகையே ஏமாத்திட்ட புல்லாச்சே!"

சின்னவளின் மனசு சட்டென்று லேசானது. யார் குற்றமும் இல்லை. புல் அப்படி ஆகிவிட்டது. இதோடு போகட்டுமே. அந்த லேசு அவளுக்கு ஒரு நிமிஷம்தான் வாய்த்தது.

புல் டாக்டர் ஒரு நெல் தூரையும் ஒரு பச்சைப் புல்லையும் உயர்த்திக் காட்டினாள். "கண்ணால பிரிக்க முடியாது. ஆனா இலை தண்டுல சேர்ற இடத்தை விரலால தடவுங்க. நெல்லுக்கு அங்க மெல்லிசா, வெள்ளையா ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். இந்தப் புல்லுக்கு அது கிடையாது. வழவழன்னு இருக்கும்."

"ஐயையோ, பெரியவங்க அப்படித்தானே தடவிக்கிட்டு இருந்தாங்க! நாம நாடி பிடிக்கிறாங்கன்னு சிரிச்சோமே!" என்றாள் வாயாடி.

"அதெல்லாம் சரிதான்மா," என்று சூப்பர்வைசர் கையை ஆட்டினார். "பார்த்து நடந்தவங்க ஏமாந்தா புல்லு மேல பழி. தடவிப் பார்த்தவங்க பாத்தி மட்டும் எப்படி அவ்வளவு மோசமாச்சு? தடவினதெல்லாம் சும்மா ஒப்புக்கு. பக்கத்துலயே எட்டாம் பாத்தி. எண்ணிப் பார்த்தப்போ புல்லு ரெண்டே ரெண்டு. அது நம்ம கழுகு பார்த்ததுன்னுதானே சொன்னாங்க? கண்ணு ஏமாந்தும் இவ்வளவு சுத்தம்னா பாருங்களேன்!"

பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி தோளில்கூடத் தட்டினாள். சின்னவளின் வாய் மறுபடியும் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பெரியவள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? உடம்புக்கு முடியலையா?"

"அக்கா, ஏழாம் பாத்தி..."

"ஆமா, ஏழாம் பாத்தி."

"அது நான் பார்த்ததுக்கா."

பெரியவள் ஈரத் துணியை உதறினாள். தண்ணீர்த் துளிகள் சின்னவள் முகத்தில் தெறித்தன. "என் பாத்தி எதுன்னு எனக்குத் தெரியாதா? ஏழு மாசம் கழிச்சு எனக்கு வந்து சேதி சொல்றியாக்கும்."

"அன்னைக்கே நீங்க ஏன் சொல்லலக்கா?"

"உன் முகத்தைப் பார்த்தேன். பயந்து வெளிறிப் போயிருந்த. சரி, பதட்டத்துல உளறிட்டா, ராத்திரிக்குள்ள தானே வந்து சொல்லுவான்னு இருந்தேன். நீ வரல. மறுநாளும் வரல. அப்புறம் நானா போய்ச் சொன்னா வேலை போன ஆத்திரத்துல ஓரகத்தி மேல பழி போடுறான்னுதானே சொல்லுவாங்க?" அவள் இன்னொரு துணியை எடுத்தாள். "சோறு கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் நினைப்பேன், இன்னைக்காவது இது உனக்குச் செரிக்குமான்னு."

சின்னவள் கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதாள். கொட்டகையில் பார்த்ததையெல்லாம் அழுகைக்கு நடுவே சொன்னாள். பச்சைப் புல், நாலு தட்டு, நெல்லின் நாக்கு. பெரியவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாக்குன்னா சொன்னா அந்தப் பொண்ணு? நான் அதை நகம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். துணியைக் கொடியில் போட்டாள். "உன் கண்ணு பண்ணினதுக்கு உன்னைக் குத்தம் சொல்ல முடியாதுடி. நாங்க எல்லாரும்தான் பிடுங்கினோம். என்னை வீட்டுல உட்கார வெச்சது புல்லு இல்ல. அதை இங்க வந்து அழுது என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லு."

"நீங்களும் வர்றீங்களாக்கா?"

"நான் எதுக்கு? பொய் சொன்னப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டா சொன்ன?"

பண்ணைக்குத் திரும்பிப் போகிற வழி சின்னவளுக்கு அன்றைக்குப்போல நீளமாக இருந்ததே இல்லை. பாதி வழியில் ஒரு யோசனை வந்தது: பாத்தி எண் மறந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றால் போதாதா? அதுவும் பார்வைக்கு உண்மை மாதிரியே இருந்தது. அந்த யோசனையை வேரோடு பிடுங்கிக்கொண்டுதான் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

தட்டுகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

"ஏழாம் பாத்தி நான் பார்த்ததுங்க. எட்டாம் பாத்திதான் அக்காவோடது. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன்."

புல் டாக்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். சின்னவள் விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். கயிறு இருந்த இடத்தில் கழுத்து வெறுமையாக அரித்தது.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து கதவைப் பூட்டினார்கள். பெரியவளை வேலைக்கு வரச்சொல்லி முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தார்கள். பெரியவள் தன் டப்பாவை மட்டும் கட்டியிருந்தாள். சின்னவள் தனக்குத் தானே கட்டிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் விசிலைப் பெரியவளிடம் நீட்டினார். "எனக்கு எதுக்குங்க இது? ஊதினா புல்லு உஷாராயிடும்," என்றாள் பெரியவள். வரிசை சிரித்தது. ஆனாலும் வாங்கி மாட்டிக்கொண்டாள். பாத்தி பிரிக்கும்போது புல் டாக்டரைக் கூப்பிட்டு, யாருக்கு எது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை சின்னவள் தலை நிமிரவில்லை.

"ஏழு, இவளுக்கு," என்றாள் பெரியவள்.

சின்னவள் ஏழாம் பாத்தியில் இறங்கினாள். பழக்கதோஷம், கால் தானாக நடந்தது, கண் தானாகச் சிவப்பைத் தேடியது. ஒரு சிவப்பும் இல்லை. எல்லாம் பச்சை.

"நடந்ததும் பார்த்ததும் போதும். குனி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் குனிந்தாள். முதல் தூரின் இலைக்கணுவில் விரலை வைத்தாள். மெல்லியதாக ஒன்று தட்டுப்பட்டது. நெல். அடுத்ததிலும் நெல். மூன்றாவதில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, திரும்பிப் பெரியவளிடம் தூக்கிக் காட்டினாள்.

பெரியவள் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "இன்னும் எவ்வளவு இருக்கு பாரு," என்றுவிட்டு எட்டாம் பாத்திக்குள் இறங்கினாள்.