ஏழாவது கேள்வி

“சொந்தத் தொழிலுக்கு நீங்கள் ஏற்றவரா?” என்று மைத்துனர் போனில் அனுப்பியிருந்த இருபது கேள்விகளில், வாஷிங் மெஷின் மெக்கானிக் ஏழாவதிலேயே மாட்டிக்கொண்டான். “முடிவுகளைத் தனியாக எடுப்பீர்களா?” தலையைச் சொறிந்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “இதுக்கு என்ன போடட்டும்?” என்று மனைவியைக் கேட்டான்.

“அதுக்குப் பதில் இப்பதான் சொன்னீங்க,” என்றாள் அவள்.

இருபதுக்கு ஆறு வந்தது. “உங்களுக்கு மாதச் சம்பளமே பொருத்தம்” என்று போன் பல்லை இளித்தது. முடிவு மைத்துனர் போனுக்கும் போயிருக்க வேண்டும், அடுத்த நிமிஷமே கூப்பிட்டுவிட்டார்.

“பாத்தீங்களா மாப்ளே, நான் சொன்னா கசக்கும். இப்ப அதுவே சொல்லிடுச்சு. பேசாம வேலைக்குத் திரும்புங்க.”

பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்தான். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். “தனியா வந்தா என்னப்பா?” என்று வீட்டுக்கு வீடு ஏற்றிவிட்டார்கள். பத்து நாள் லீவு போட்டு, ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. கடிதமோ மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருந்தது.

இதுவரை பார்த்த வேலை இரண்டு. ஒன்று பக்கத்து வீட்டு மெஷின். அவர்கள் ஒரு டம்ளர் காபியும் மனமார்ந்த நன்றியும் கொடுத்தார்கள். இன்னொன்று மைத்துனருடையது. அவர் கொடுத்தது புத்திமதி. இரண்டு இடத்திலும் தொகையைக் கேட்க வாய் வரவில்லை. மூன்றாவது, இன்று, லாண்டரி. இங்கேயும் வாய் அடைத்துப்போனால் நாளைக் காலை பழைய யூனிபாரம்தான் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டு போனான்.

லாண்டரியில் மூன்று பெரிய மெஷின்கள். நடுவில் இருந்தது இரண்டு நாளாகப் படுத்துவிட்டிருந்தது. காதில் பென்சில் செருகிய லாண்டரிக்காரர், “ரெண்டு பேரு பாத்துட்டாங்க. மோட்டாரே போச்சாம், எட்டாயிரம் ஆகுமாம். நீ என்ன சொல்லப் போற?” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் உள்ளங்கையை மெஷின் மேல் வைத்து ஓட விட்டான். கர்ர் என்று இரண்டு இழுவை. குனிந்து அடித்தட்டைக் கழற்றி, தண்ணீர் வெளியேற்றும் பம்புக்குள் விரலை விட்டான். ஒரு கோட்டுப் பொத்தான் வந்தது. மாட்டினான், போட்டான். மெஷின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. மொத்தம் இருபது நிமிஷம்.

“சின்ன வேலைதான் சார்,” என்றான் பெருமையாக.

“சரி, எவ்வளவு?”

பன்னிரண்டு வருஷமாக வாயில் ஊறிய பதில், மூளையைக் கேட்காமலே வெளியே வந்தது. “ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்.”

“ஆபீஸா? சொந்தமாப் பண்றேன்னுல்ல சொன்ன?”

காது சூடாகிவிட்டது. சொன்னதை விழுங்க வழியில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனான். விலை கேட்க அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் மனைவியுடையது. அவள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். கடைக்குள் நுழையும் காலைப் பார்த்தே சைஸ் சொல்வாள். முகத்தைப் பார்த்து அந்த ஆள் எந்த விலைக்கு மடங்குவார் என்றும் சொல்வாள்.

“சீக்கிரம் சொல்லுங்க, கஸ்டமர் கால் கையில இருக்கு.”

“எவ்வளவு கேக்கறது?”

“மத்தவங்க என்ன கேட்டாங்க?”

“எட்டாயிரம். மோட்டார்னு.”

“துவைக்காம எத்தனை மூட்டை கெடக்கு?”

எட்டிப் பார்த்தான். “பதினாலு.”

“நீங்க என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?”

“சின்ன வேலைதான்னு…”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். போனை அவர்கிட்ட குடுங்க.”

உள்ளே போய் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். “சார், ஆபீஸ் பேசறாங்க.”

“வணக்கம் சார். ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரமா! இருவது நிமிஷம்மா! ஒரு பொத்தான எடுத்துப் போட்டாரு, அவ்வளவுதான்.”

“மூணு நாள் உக்காந்து எடுத்திருந்தா சந்தோஷமாக் குடுத்திருப்பீங்களா சார்? பதினாலு மூட்டையும் அங்கயே நாறிட்டு இருந்திருக்குமே.”

லாண்டரிக்காரர் மூட்டைகளைப் பார்த்தார், கூரையின் மூலைகளைப் பார்த்தார், எங்காவது கேமரா வைத்து மூட்டையை எண்ணுகிறார்களா என்று. “ஆயிரம்,” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

“ஆயிரத்தைந்நூறு குடுங்க. மாசம் ஒருதரம் வந்து, மெஷின் நிக்கறதுக்கு முன்னாடியே மூணையும் பாத்துடுவாரு. அதுக்கு ஒரு ரேட் தனியாப் பேசிக்கலாம்…”

இந்த இடத்தில் போனுக்குள் இன்னொரு குரல் புகுந்தது. “ஏம்மா, இந்தச் செருப்பு குதிகால்ல கடிக்குதே!”

“ரெண்டு நாள் நடங்கக்கா, அதுவே பழகிடும்,” என்றது ஆபீஸ்.

லாண்டரிக்காரர் போனை மெதுவாகக் கீழே இறக்கினார். “உங்க ஆபீஸ்ல செருப்பும் உண்டா?”

எல்லாம் போச்சு என்று நினைத்தான் மெக்கானிக். சட்டைப்பைக் கடிதம் நெஞ்சில் உறுத்தியது. இனி மறைக்க என்ன இருக்கிறது? “அது என் வீட்டுக்காரி சார். எனக்குத் துட்டு கேக்க வராது. மெஷின்தான் தெரியும்.”

லாண்டரிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார்.

“இருபத்திரண்டு வருஷமா இந்தக் கடைய நடத்தறேன்,” என்றார். “கொஞ்சம் இரு. என் ஆபீஸ் மாடியில இருக்கு. கேட்டுட்டு வந்துடறேன்.”

நிஜமாகவே படியேறிப் போனார். மேலே ஒரு பெண் குரல் கேட்டது, பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு சிரிப்பு. இறங்கி வந்தபோது எண்ணி வைத்த நோட்டுகள் கையில் இருந்தன.

“ஆயிரத்தைந்நூறு. மாசாந்திரமும் சரின்னுட்டா. ஆனா ரேட் பேச நான் வரமாட்டேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும், நாம வேலையப் பாப்போம்.”

வெளியே வந்ததும் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மெஷின், இருபத்திரண்டு வருஷம். இந்த மனுஷரை அந்த ஏழாவது கேள்விக்கு உண்மையான பதில் போடச் சொன்னால் என்ன ஆகும்? பஸ் நிறுத்தம் வலது பக்கம். அவன் இடது பக்கம் நடந்தான்.

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். “லெட்டர் எங்க? பை காலியா இருக்கு?”

“குடுத்துட்டேன். வர்ற வழியில.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“கேக்கல.”

ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு வாய் கொள்ளாத சிரிப்பை முந்தானைக்குள் தள்ளி, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். “அது சரி. ஆபீஸுக்குச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கீங்க?”

மெக்கானிக் வாயைத் திறந்தான். நல்ல வேளையாக, உடனே மூடிக்கொண்டான்.