ஐந்தாவது பொட்டலம்

அறையில் இருந்தவர்கள் நான், என் மகன், அவன் மனைவி, அவ்வளவுதான், கணினித் திரைக்குள்ளிருந்து எழுத்தில் ஏசியவர்களை நான் சேர்க்கவில்லை, முகம் காட்டாதவனை ஆளாக எண்ணும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது... மருமகள் தட்டச்சு செய்து வீங்கிய வலது மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தாள், இடது கையால் மவுஸை நகர்த்தினாள், விடுமுறை நாளின் முற்பகல், வெளியே போகலாம் என்று மகன் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் எழுதிய மென்பொருள் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும், பார்வை மங்கியவர்களுக்கு. என் கண் அறுவைக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினாள், எனக்காக என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, கேட்பதா? இலவசமாகத்தான் தருகிறாள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினிகளுக்கு. அதில்தான் தொல்லை, லினக்ஸ் என்பது அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்த வீடு, ஆளுக்கொரு அடுப்பு, ஒரே மென்பொருளை ஐந்து விதப் பொட்டலமாகக் கட்ட வேண்டும், ஐந்தையும் நிறுவிப் பார்க்க வேண்டும், மாதந்தோறும், அலுவலக வேலை முடிந்த பிறகு, அந்த ஒரு கையால்.

“அஞ்சுல ஒண்ணு, புதுக் கணினி எல்லாத்துலயும் ஓடுற பொதுப் பொட்டலம் இருக்குல்ல, அதை மட்டும் வெச்சுக்கோ” என்றான் மகன். எங்க விருப்பத்தைப் பறிக்கிறியான்னு திரையில திட்டுறவங்க கேப்பாங்க என்றாள் அவள். “கேக்கட்டும். உன் கையோட விருப்பத்தை யாரு கேட்டாங்க?” என்றான், என் பிள்ளைக்கு இப்படிப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே பேச்சு வந்தது, அப்போது நடுவே புகுந்தவன் நான், வந்தவங்களை இந்த வாசல் வேணாம், அந்த வாசல்ல வாங்கன்னு சொல்றது நம்ம குடும்பத்துல இல்லம்மா என்றேன், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் சொன்னேன். சரிங்க மாமா என்றாள். குடும்ப மானத்துக்காகத்தான் சொன்னேனா... ஐந்தாவது பொட்டலம் பழைய கணினிகளுக்கானது, பொதுப் பொட்டலம் அவற்றில் ஏறாது, என் அறையில் இருப்பது அப்படிப்பட்ட கணினி, மகன் வாங்கித் தந்த புதியது மூன்று வருடமாகக் கட்டிலுக்கடியில் பெட்டியோடு கிடக்கிறது. மருமகளிடம் போய் புதியதில் உன் மென்பொருளைப் போட்டுக்கொடு என்று நிற்பதா? அடுத்த அறையில் இருந்துகொண்டே மாதாமாதம் அவளுடைய இணையப் பக்கத்துக்குப் போய், ஊர் பேர் தெரியாதவனைப் போல நானே இறக்கிக்கொள்வேன்.

“அந்த அஞ்சாவதைப் போன மாசம் எத்தனை பேர் இறக்கினாங்க?” என்றான் மகன்.

“ஒருத்தர்.”

“ஒருத்தருக்காகவா ரெண்டு நாள் உக்காந்த? யாருன்னாவது தெரியுமா?”

“தெரியும்” என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த இணைய இணைப்பிலிருந்து இறக்கினார்கள் என்பதும் அங்கே பதிவாகுமாம், எங்கள் வீட்டில் இருப்பது ஒரே இணைப்பு... எத்தனை மாதமாகத் தெரியும், முதல் மாதத்திலிருந்தேவா, அப்படியானால் இருபது முறைக்கு மேல், அந்த வீங்கிய கையோடு, அந்த ஒருவனுக்காக... நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“அதையும் எடுத்துடும்மா.”

“அவர் கோவிச்சுக்குவார் மாமா.”

“ரெண்டு நாள் முறைப்பார், அப்புறம் சரியாயிடுவார். பிடிவாதக்காரர்தான், கெட்டவர் இல்ல.”

“அது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?” என்றான் மகன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொதுப் பொட்டலம் தவிர மற்ற நான்கையும் நிறுத்துவதாக அறிவிப்பை எழுதினாள், ஒற்றைக் கையால், மெதுவாக, நான் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு என் அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தேன், கனமாக இருந்தது.

மாமனாருக்குப் பயந்து அந்தப் பெண் இத்தனை நாள் கையைக் கெடுத்துக்கொண்டாள் என்று என் தங்கை வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. பயந்தவளாக இருந்தால் தன் கை பிழைக்க என் அறைக்கு வந்து புதியதில் தானே போட்டுக் கொடுத்திருப்பாள். அவள் வராமல் இருந்தது பயத்தால் அல்ல, நான் யாரிடமும் போய்க் கேட்காதவனாகவே இருக்கட்டும் என்றுதான்.