பத்து மணிச் சங்கு

எங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், இடது கீழ் மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் வரும். 'இன்றைய தேதியில்' என்று பெயர். மேலே நடந்தவை ஐந்து, கீழே பிறந்தவர்கள் மூன்று. எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், எவனோ ஒரு தீவைக் கண்டுபிடித்திருப்பான், ஒரு பாடகி பிறந்திருப்பாள். படிக்கிறவர்களுக்கு அது அரை நிமிஷ வேலை. எழுதுகிற எனக்குப் பத்தொன்பது வருஷம் போய்விட்டது. அலுவலகத்தில் என் பெயரே மறைந்து 'தேதியம்மா' ஆகிவிட்டேன். உலகத்தில் உள்ளவன் பிறந்தநாளையெல்லாம் நான் சொல்ல வேண்டும், என் பிறந்தநாள் மட்டும் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த வருஷம் ஆவண அறையின் கூரை ஒழுகி, பழைய குறிப்பு அட்டைகள் வைத்திருந்த மர அலமாரி ஊறிப்போனது. ஐம்பது அறுபது வருஷத்து அட்டைகள். அவற்றை அடுக்கி வைத்த புண்ணியவான் எல்லாவற்றையும் தலைப்பு வாரியாக வைத்திருந்தார். கப்பல் தனி, தேர்தல் தனி, தீ தனி. பிறந்தநாட்கள் எதிர்ச்சுவரில் வேறு அலமாரியில்.

"அப்படியே தேதி வாரியா மாத்திடுங்க தேதியம்மா. உங்க பேருக்கு ஏத்த வேலை" என்றார் செய்தி ஆசிரியர். சொல்கிறவருக்கு என்ன, முதுகு என்னுடையது.

மூன்று மாதம் அட்டைகளோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் காலை, அடுத்த மாதத்துத் தேதி ஒன்றுக்கான அட்டைகளை மேசையில் பரப்பினேன். பிறந்தவர்களில் முதல் அட்டை பெரியவருடையது. எங்கள் ஊரில் பெரியவர் என்றால் ஆற்றோரத்துக் காகித ஆலையைத் தொடங்கியவர். செத்து முப்பது வருஷம் ஆகியும் அவர் பிறந்தநாளுக்கு எங்கள் பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் வரும். எங்கள் பத்திரிகை அச்சாவதும் அந்த ஆலைக் காகிதத்தில்தான்.

நடந்தவற்றில் மூன்று அட்டைகள் என் கையை நிறுத்தின. 'தீ' என்ற தலைப்பில் இருந்து வந்த ஒன்று: காகித ஆலையில் பாய்லர் வெடித்துக் கூரை எரிந்தது, நால்வர் பலி, காலை பத்தே கால். 'வேலைநிறுத்தம்' தலைப்பில் இருந்து ஒன்று: நீராவிக் குழாய் வெடித்து இருவர் இறந்ததைக் கண்டித்துத் தொழிலாளர்கள் வெளிநடப்பு, விபத்து நடந்தது காலை பத்து இருபத்தைந்துக்கு. மூன்றாவது 'மருத்துவமனை'யில் இருந்தது: காகிதக்கூழை வெளுக்கும் வாயு கசிந்து இருபத்தாறு பேர் சேர்ப்பு, காலை பத்து இருபது. மூன்றும் ஒரே ஆலை. வருஷங்கள் வேறு, தேதி ஒன்று. பெரியவர் பிறந்த தேதி.

நாள் நட்சத்திரம் பார்க்கிறவள் இல்லை நான். எங்கள் பத்திரிகையில் தினப்பலன் எழுதுவது யார் என்று தெரிந்தவள். விளம்பரப் பிரிவு ஆசாமி, மதியம் வயிறு நிறைந்திருந்தால் எல்லா ராசிக்கும் நல்லது எழுதுவார். எனவே தேதி கொல்லும் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. பத்து மணி என்பதுதான் என்னை உறுத்தியது.

ஆலையில் ஷிஃப்டு மாறும்போது சங்கு ஊதும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பெரியவர் பிறந்தநாளில் மட்டும், காலை பத்து மணிக்கும் ஊதும். உடனே அத்தனை பேரும் வேலையைப் போட்டது போட்டபடி முற்றத்துக்குப் போய், பெரியவர் படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். காகித எந்திரம் நிற்கும். பாய்லர் நிற்காது, அணைத்தால் மறுபடி நீராவி கட்ட ஒரு ஷிஃப்டு ஆகும். தவிர, எங்கள் பத்திரிகைக்கு எடுக்கும் விழாப் போட்டோவில் படத்துக்குப் பின்னால் புகைபோக்கி புகைய வேண்டும். எந்திரம் நீராவி இழுக்காதபோது பாய்லரில் அழுத்தம் ஏறும். தண்ணீர் மட்டத்தை ஒருவரும் நெருப்பை ஒருவரும் கவனிக்க வேண்டிய அந்த நேரத்தில், இரண்டு பேரில் ஒருவர் முற்றத்தில் நிற்பார். வெளுப்புக் கூடத்தில் ஒருவருமே இருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தம்பி பதினாறு வருஷமாக அங்கே பாய்லர் ஆபரேட்டர்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் போனேன். அந்தத் தேதிக் கட்டத்தில் மூன்றையும் போட வேண்டும் என்றேன். பக்கத்திலேயே பெரியவர் பிறந்தநாள் இருக்கும், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவர் பிறந்தநாள் அதுவுமா சாவுச் செய்தியா? உங்களுக்கு என்ன ஆச்சும்மா? வேற தேதியில நடந்திருந்தா நானே போடச் சொல்லுவேன்."

"வேற தேதியில நடந்திருந்தா போட வேண்டிய அவசியமே இல்ல சார்."

"கப்பல் ஏதாவது மூழ்கலையா அன்னைக்கு? அதைப் போடுங்க."

அவர் மேசைமேல் அட்டைகளை எறிந்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. இப்போதும் அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். மூன்று அட்டைகளையும் காட்டினேன்.

"இந்த வருஷம் பத்து மணிக்கு பாய்லர்ல யாருடா?"

"நான்தான். போர்டுல பேர் போட்டாச்சு. கூட இருக்கிறவர் சங்கத் தலைவர், அவர் மாலை போடப் போகணும்."

"ஒத்தை ஆளா நிக்க மாட்டேன்னு சொல்லு."

"யக்கா, நான் பதினாறு வருஷமா நெருப்போட குடும்பம் நடத்துறேன். நீ பேப்பரோட நடத்துற. யாருக்குத் தெரியும்? அதுக்குத்தானே சேஃப்டி வால்வு இருக்கு, அழுத்தம் ஏறினா தானா திறந்துக்கும்."

"போன மாசம் அது ஒட்டிக்கிச்சுன்னு நீதானே சொன்ன?"

"சரி பண்ணிட்டாங்க." குழாயைத் திருகி மூடிவிட்டுச் சொன்னான், "பண்ணிருவாங்க."

ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன். மேனேஜரிடம் போய்ச் சொல் என்றேன். சொன்னால் வேலைக்குப் பயப்படுகிறவன் என்று பெயர் வரும் என்றான். செவிடன் காதில் சங்கு ஊதியதுபோல ஆயிற்று. கடைசியில் பொறுமை போய், அவன் பெண்டாட்டியைத் தனியே பிடித்தேன். அவள் எங்கள் தினப்பலனைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ரகம்.

"அந்தத் தேதி அந்த ஆலைக்கு ஆகாதும்மா. மூணு தடவை காவு வாங்கியிருக்கு. நாள் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டேன். அன்னைக்கு ஒரு நாள் அவன் அங்க கால் வைக்கக்கூடாதாம்."

அவள் முகம் வெளிறியது. "நெஜமாவா அண்ணி?"

"நெஜம்தான்" என்றேன். நாள் பார்க்கிற எவரையும் எனக்குத் தெரியாது. சொல்லும்போதே வாய் கூசியது. ஆனாலும் வேலை நடந்தால் போதும் என்று இருந்தேன்.

வேலை நடந்தது. இரண்டு நாள் அவள் அழுத அழுகையில் தம்பி வழிக்கு வந்தான். பெரியவர் பிறந்தநாளுக்கு மறுநாள் அவனுக்கு வார விடுப்பு. அதை ஒரு நாள் முன்னால் தள்ளி, பிறந்தநாளன்றே லீவு எடுத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வருவதாக மாற்றிக்கொண்டான். டைம் ஆபீசில் ஏன் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொன்னானாம். உள்ளது என்றால், நான் சொன்ன பொய்யை.

அந்த நாள் வந்தது. என் கட்டத்தில் ஒரு கப்பல் மூழ்கியது, கீழே பெரியவர் பிறந்தார். அரைப்பக்க விளம்பரத்திலும் அவர் சிரித்தார். ஆலை எங்கள் அலுவலகத்தில் இருந்து நடந்து போகிற தூரம், சங்கு தெளிவாகக் கேட்கும். ஒன்பதரையில் இருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஆயிற்று. சங்கு ஊதவில்லை.

பத்தரையும் ஆயிற்று. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். புகைபோக்கி எப்போதும்போல் சன்னமாகப் புகைந்துகொண்டிருந்தது. விழாவையே நிறுத்திவிட்டார்கள், யாரோ ஒருத்தர் புத்தியோடு யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். தம்பிக்குப் போன் செய்தேன். அவன் தூங்கி எழுந்த குரலில், "லீவும் போச்சு, குழாயும் இன்னும் ஒழுகுது. சந்தோஷமா?" என்றான். "ரொம்ப" என்றேன். அதுதான் அவனோடு கடைசியாகப் பேசியது.

மறுநாள் காலை வேறொரு தேதியின் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தேன். பத்து மணிக்குச் சங்கு ஊதியது.

கையில் இருந்த அட்டை கீழே விழுந்தது. போட்டோக்காரர் பை மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

"போட்டோக்காரர் எங்க?" என்று கத்தினேன்.

விளம்பரப் பிரிவு ஆசாமி தலையைத் தூக்கினார். "ஆலை விழாவுக்குத்தான். நேத்து தேதி ஆகாதுன்னு ஆளுங்க முற்றத்துக்கு வரமாட்டேன்னு நின்னுட்டாங்களாம். மேனேஜர் விழாவை ஒரு நாள் தள்ளி வச்சுட்டார். யாரோ ஒரு அம்மா கிளப்பி விட்டதாம். நம்ம தொழிலுக்கே போட்டி வந்துடுச்சு, பாருங்க."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பியின் போனுக்கு அடித்தேன். ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அடித்துக்கொண்டே இருந்தது. ஆலை அலுவலகத்துக்கு அடித்தேன், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் முற்றத்தில். படியிறங்கி ஓடினேன். செருப்பு வழியில் எங்கோ கழன்றது. ஆற்றுப்பாலத்தின் திருப்பத்தில் புகைபோக்கி தெரிந்தது. கறுப்பாக, கெட்டியாக, போட்டோவுக்கு அழகாகப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே அவன் ஒற்றை ஆளாக எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன், தண்ணீர்ப் பக்கமா, நெருப்புப் பக்கமா.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. பாலம் அதிர்ந்தது. மணி பத்தே கால்.

தம்பியோடு சேர்த்து மூன்று பேர். சேஃப்டி வால்வு ஒட்டிப்போயிருந்தது. விசாரணை அறிக்கையில் 'பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். தம்பி பெண்டாட்டி என்னைக் கட்டிக்கொண்டு, "நேத்தோட போயிடும்னுதானே அண்ணி சொன்னீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாரம் நான் சொன்ன காரணத்தை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. ஒரு நிமிஷம் சொன்ன பொய்யை ஆலை முழுக்க நம்பியது. பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவன் முதல் நாள் அதே இடத்தில் நின்றிருப்பான் என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விழா தள்ளிப்போன நாளில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

வருஷம் திரும்பியது. தேதி மாற்றியதால்தான் இப்படி ஆயிற்று, பெரியவர் கோபித்துக்கொண்டார் என்று ஆலையில் முடிவு கட்டிவிட்டார்கள். விழா பழைய தேதிக்கே திரும்பியது. நேற்று பத்து மணிக்குச் சங்கு ஊதியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாய்லரில் ஒற்றை ஆளாக நின்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஓர் அக்கா இருக்கலாம்.

இன்றைய கட்டத்தைப் போன வாரமே முடித்துக் கொடுத்திருந்தேன். போன வருஷத்து ஆலை விபத்து அட்டையை நான் அதில் வைக்கவில்லை. செய்தி ஆசிரியரே அதைத் தேடி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இரக்கத்தோடுதான் வந்தார்.

"தம்பி ஞாபகமா போட்டுடலாம்மா. இந்தத் தேதியில ஒரு தடையும் இல்லையே."

காலையில் பத்திரிகையைப் பிரித்தேன். நடந்தவற்றில் ஐந்தாவதாக வந்திருக்கிறது: காகித ஆலையில் பாய்லர் வெடித்து மூவர் பலி. கீழே பிறந்தவர்கள் மூன்று பேர். ஒரு பாடகி, ஒரு கணித அறிஞர், ஓர் ஓட்டக்காரர். இனி எத்தனை வருஷம் கழித்து யார் இந்த அட்டைகளை மேசையில் பரப்பினாலும், அந்தச் சாவுக்குப் பக்கத்தில் பெரியவர் இருக்க மாட்டார்.