காற்று என்று சொன்னவனுக்கு ஒரு பாட்டு

போதகர் ஆசீர்நாதம் பால்வாடிக்கு வந்தபோது ஞானசௌந்தரி பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறோம், அதற்கு ஒரு பாட்டு எழுதித் தர வேண்டும் என்றார் அவர்.

"யாருக்குங்க ஐயா?"

"அம்பலவாணனுக்கு. குரும்பகரம் ரைஸ்மில்லுல மேஸ்திரியா இருந்தவரு. மூணு மாசமா நம்ம ஜெபவீட்டுக்கு வர்றாரே, கடைசி வரிசையில உக்காந்திருப்பாரு. நீ பாத்திருப்பே."

பார்த்திருந்தாள். அவன் வந்த முதல் வாரமே பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஜெபத்தில் கண்ணை மூடவில்லை.

"செல்லையன் போனதுலேருந்து நீ ஒரு பாட்டும் எழுதல. நாலு வருஷம் ஆச்சு. கர்த்தர் குடுத்தத மூடி வச்சுடக் கூடாதும்மா."

"எழுதுறேங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. சந்தோஷமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஞானசௌந்தரி தலத்தெருவில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சாக ஜெபம் செய்ய வராது. மற்றவர்கள் கண்ணீரோடு வாய்விட்டு வேண்டும்போது இவள் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது ஒரு மெட்டு வரும். கேட்க வேண்டியதெல்லாம் அதில் வந்துவிடும். அப்படித்தான் பாட்டு எழுத ஆரம்பித்தாள். அவள் கட்டிக்கொண்ட செல்லையன் குரும்பகரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிறவன். சாமி கும்பிட்டு வளர்ந்தவன். இவள் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜெபவீட்டுக்கு வந்தான். நல்ல குரல். அவள் எழுதிய எதையும் முதலில் பாடுகிறவன் அவன்தான்.

எழுபத்தேழு புயலன்று விடியற்காலை, கூரை பிய்த்துக்கொண்டு போனதும், அவளையும் ஆறு மாதக் குழந்தை அல்லியையும் மில் குடோனில் கொண்டுவந்து விட்டான். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனான். குடோனில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேற்குப் பக்கத் தகரம் அடித்துக்கொண்டது. மேஸ்திரி அம்பலவாணன் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, தன் தோளையும் அதில் கொடுத்து நின்றான்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. யாரோ கூப்பிட்டார்கள்.

"அவருதான் கூப்புடுறாரு. தொறங்க மேஸ்திரி," என்றாள் ஞானசௌந்தரி.

"காத்தும்மா," என்றான் அம்பலவாணன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு தடவை குரல் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அதை மார்போடு சேர்த்துக்கொண்டு மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எதுவும் கேட்கவில்லை.

காற்று நின்று கதவைத் திறந்தபோது, நெல் காயப்போடும் களத்தில், இருபது அடி தள்ளி, பிய்ந்து வந்த தகரத்துக்கு அடியில் செல்லையன் கிடந்தான். குளிப்பாட்டும்போது அவன் வலது கையைப் பார்த்தாள். மூன்று விரலில் நகம் இல்லை.

கதவை அவன் பிறாண்டியிருக்கிறான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும், குடோனில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் காற்று என்றுதான் சொல்வார்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்றியது மேஸ்திரி. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவில்பத்துக்குக் குடிவந்தாள். பால்வாடி வேலை கிடைத்தது. பாட்டு வரவில்லை.

இப்போது, போதகர் கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலமே வந்தது. அது கர்த்தர் கொடுத்ததுதான் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. நாலு வருஷமாக அவள் கேட்ட நியாயத்தை அவர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். கதவருகே நின்று தட்டுகிற கிறிஸ்துவைப் பற்றிய வசனம் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். அவரே பேசுவது மாதிரி, பல்லவியும் இரண்டு சரணமுமாக எழுதினாள்.

கதவண்டை நின்றேன், கைநோகத் தட்டினேன்
காற்றென்று சொன்னாயே மகனே – என்னைக்
காற்றென்று சொன்னாயே.

பேர்சொல்லி அழைத்தேன், மும்முறை அழைத்தேன்
பேசாமல் நின்றாயே மகனே – தாழில்
தோள்சாய்த்து நின்றாயே.

பன்னிரண்டு பேருள்ளே பத்திரமாய் இருக்க
பதின்மூன்றாம் ஆளாக நான் – மழையில்
பாதம் நனைந்து நின்றேன்.

மெட்டுக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. சோகமான மெட்டு ஒன்று முதலில் வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளினாள். ஒருதரம் கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு வேண்டும். அவன் சைக்கிள் மிதிக்கும்போதும் சோறு தின்னும்போதும் அது தானாக வர வேண்டும். அவன் துப்ப நினைத்தாலும் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அரசலாற்றில் இடுப்பளவு தண்ணீரில் வெள்ளை வேட்டியோடு அம்பலவாணன் நின்றான். பக்கத்தில் போதகர். சபை கரையில் நின்றது. ஞானசௌந்தரி முன்னால் வந்து, ஆர்மோனியம் இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்தே பாடினாள்.

'காற்றென்று சொன்னாயே' என்ற இடத்தில் அவன் தலை நிமிர்ந்தது. 'தாழில் தோள்சாய்த்து' என்றபோது அவன் வலது தோள் தானாக உள்ளே இழுத்துக்கொண்டதை அவள் மட்டும் பார்த்தாள். பன்னிரண்டு பேர் என்றதும் சபையார் சீஷர்கள் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். பல்லவி மூன்றாம் தடவை வந்தபோது எல்லாருக்கும் மெட்டு பிடிபட்டுவிட்டது. நாற்பது பேரும் அவனைப் பார்த்துப் பாடினார்கள். போதகர் அவனை முக்கி எடுத்தார். அவனுக்குப் புரையேறி, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் நடுங்கியது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று ஒரு பெண் கைதட்டினாள்.

அன்று மத்தியானம் ஞானசௌந்தரி வயிறு நிறையச் சாப்பிட்டாள். புயலுக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பாட்டு பரவியது. வாராவாரம் யாராவது அதைக் கேட்டார்கள். யாரும் கேட்காத வாரத்தில் அவளே போதகரிடம் போய்ச் சொன்னாள். நாகப்பட்டினத்தில் நடந்த கன்வென்ஷனில் ஆயிரம் பேர் பாடினார்கள் என்று செய்தி வந்தது. கண்ணீர் விட்டதாகச் சொன்னவர்களிடம் அவள் கையைக் கூப்பி ஸ்தோத்திரம் என்றாள். கண் மட்டும் கடைசி வரிசையில் இருந்தது. அவன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. எல்லாரும் அவனைச் சகோதரர் என்றார்கள். அவள் மேஸ்திரி என்றே கூப்பிட்டாள்.

எண்பத்துமூன்றில் ஒருநாள் அவன் மனைவி கல்யாணசுந்தரி பால்வாடிக்கு வந்தாள். அவள் ஜெபவீட்டுக்கு வருகிறவள் இல்லை. நெற்றியில் குங்குமத்தோடு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பாட்ட நீங்கதான் எழுதுனீங்களாமே. அத எதுக்கு வாராவாரம் பாடுறீங்க? வீட்டுக் கதவச் சாத்த விட மாட்டேங்குறாரு. ராவும் பகலும் தொறந்தே கெடக்கு. நாய் வந்து சோத்துப் பானைய உருட்டிட்டுப் போவுது. பொம்பளப்புள்ள இருக்குற வீடுக்கா."

"வேதத்துல உள்ளதத்தான் எழுதியிருக்கேன். வேதத்தக் கேட்டு ஒருத்தருக்கு நிம்மதி போனா அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

"ஒரு ரெண்டு மாசம் பாடாம இருக்கக் கூடாதா?"

"ஐயாகிட்ட கேட்டுப் பாரு," என்றாள் ஞானசௌந்தரி. அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வாரமே மூன்றாவது சரணம் எழுதினாள்.

விடிந்ததும் திறந்தாய், விலகி நீ நடந்தாய்
வெளியிலே கிடந்ததார் மகனே – என்
விரலில் நகமில்லையே.

சிலுவையில் காயப்பட்ட கை என்று சபை அழுதது. அம்பலவாணன் அந்த ஞாயிறு பாட்டின் நடுவில் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் வழியாக அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு அவள் குரல் இன்னும் எடுப்பாக இருந்தது.

இரண்டு வருஷம் போனது. காரைக்காலில் கேசட் கடை வைத்திருந்த கபீர், இந்தப் பாட்டைப் பதிவுசெய்து தருகிறேன் என்று போதகரிடம் வந்தார். போதகர் அவளிடம் வந்தார்.

"கேசட்டுல போவப்போவுது. பாட்டு கர்த்தர் வெளியிலயே கெடக்குறதோட நிக்குது பாரு. கேக்குறவன் எங்கம்மா போவான்? அவன் தொறக்குறான், கர்த்தர் உள்ள வர்றாரு, அப்புடி ஒரு நாலாவது சரணம் வேணும்."

"வராதுங்க ஐயா."

"ஜெபம் பண்ணு, வரும்."

"வராதுங்க."

அடுத்த வாரம், மத்தியானம், பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்பலவாணன் பால்வாடி வாசலில் வந்து நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. படி ஏறவில்லை.

"ஐயா சொன்னாரு. நாலாவது சரணம் எழுத மாட்டேன்னுட்டீங்களாம்."

"ஆமா."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுங்க. செல்லையன் கொரல்னு தெரியும். மேக்கால தகரம் பாதி தூக்கிடுச்சு. கதவத் தொறந்தா காத்து உள்ள பூந்து மொத்தக் கூரையும் எங்க மேல விழுந்துடும்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்புடித்தான் நெனைக்கிறேன். தொறக்க மாட்டேன்னு உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். காத்துன்னு சொன்னேன் பாருங்க, அதான்."

எட்டு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை இதுதான். கேட்டால் உள்ளே ஏதாவது ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. பசிதான் அதிகமானது.

"எல்லாந் தெரிஞ்சும் நான் இருக்குற ஜெபவீடாப் பாத்து வந்தீங்களா?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் வந்தேன். நீங்க என்னைக்காவது கேப்பீங்க, சொல்லிடலாம்னு. நீங்க கேக்கல. பாட்டு எழுதுனீங்க. அன்னைக்கும் ஒருதரந்தான் கேட்டீங்க. நான் காத்துன்னேன். அப்புறம் நீங்க எந்திரிக்கல. நம்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னான்.

"மூணு தடவ கூப்புட்டாருன்னு எழுதியிருக்கீங்க," என்றான். "ரெண்டு தடவ மேஸ்திரின்னு கூப்புட்டான். மூணாவது தடவ ஞானம்னு கூப்புட்டான். புள்ள அழுததுல உங்களுக்குக் கேட்டிருக்காது."

பாயில் ஒரு குழந்தை புரண்டு படுத்தது. அவள் அதன் மேல் துணியை இழுத்துவிட்டாள்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்த நாலாவத எழுதுங்க. எனக்கு அது வேணும். ஒரே ஒருதரம் பாடிட்டாப் போதும்."

"அவரு கூப்புட்டப்ப கதவு தொறக்கல மேஸ்திரி. தொறக்காத கதவத் தொறந்ததா நான் எப்புடிப் பாடுவேன்? அது உங்களுக்குன்னு எழுதுன பாட்டு. மூணு சரணந்தான். சாவுற வரைக்கும் அதையே பாடுங்க."

அவன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது பழக்கத்தில் பல்லவியை முணுமுணுத்தாள். 'காற்றென்று சொன்னாயே' வரைக்கும் வந்தது. அடுத்த வார்த்தை 'மகளே' என்று வந்தது. வாயை மூடிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்துப் பார்த்தாள். மறுபடியும் அப்படியே வந்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அல்லிக்குப் பின்னலைப் பிரித்துப் பின்னிவிட்டாள். ரொம்ப இழுத்துப் பின்னுகிறாய் என்று அல்லி கத்தினாள்.

கேசட் எண்பத்தாறில் வந்தது. நாலாவது சரணத்தைப் போதகரே எழுதிச் சேர்த்திருந்தார்.

இன்று நீ திறந்தாய், என்னோடு அமர்ந்தாய்
இருளெல்லாம் அகன்றதே மகனே – இனி
இல்லை உன்மேல் குற்றமே.

அடுத்த ஞாயிறு சபை முழுக்க அதைப் பாடியது. முதல் மூன்று சரணத்தையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நாலாவது வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவள் பூட்டியதை யாரோ பூட்டை உடைத்துத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் முகம் மலர்வதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று திரும்பினாள். கடைசி வரிசையில் அம்பலவாணனும் வாயை மூடிக்கொண்டு நின்றான். அத்தனை பேரில் பாடாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனை நிறுத்தினாள்.

"கேட்டது கெடச்சுடுச்சே. ஏன் பாடல?"

"அது நீங்க எழுதுனது இல்லீங்க."

கேசட்டில் தன் பெயர் வேண்டாம் என்று போதகரிடம் சொன்னாள். அடுத்த பதிப்பில் அவர் பெயர் வந்தது. பாட்டு கல்யாண வீடுகளிலும் கேட்டது. அவள் அதற்குப் பிறகு வேறு பாட்டுகள் எழுதினாள். சிலது நன்றாக இருந்தது. ஆனால் அம்பலவாணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பத்தொன்பது மழைக்காலத்தில் அவன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கல்யாணசுந்தரி ஆள் அனுப்பினாள். ஞானசௌந்தரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

"சாவுறதுக்கு முந்தி சொன்னாருக்கா," என்றாள் கல்யாணசுந்தரி. "நீங்கதான் பாடணுமாம். மூணோட நிறுத்தச் சொன்னாரு."

ஞானசௌந்தரி குழிக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். ஒரு சரணத்தையும் விடவில்லை. நகமில்லாத விரலையும் பாடினாள். குரல் எங்கும் உடையவில்லை. முடித்ததும் கூட்டம் நாலாவதுக்காக அவளைப் பார்த்தது. போதகர் வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

பெட்டியை இறக்கினார்கள். எல்லாரையும் போல அவளும் ஈர மண்ணை ஒரு கை அள்ளிப் போட்டாள். அடிபம்புக்குப் போய்க் கையைக் கழுவினாள். அல்லி பம்பை அடித்தாள். நகத்துக்கு அடியில் போயிருந்த மண் வர வெகுநேரம் ஆனது.