கழற்றாத கையுறை

எங்கள் மார்லிஸின் கை எதிரணிக் கோரினின் கையைத் தொட்டதா இல்லையா என்பதை என்னால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் துடைப்பத்தோடு அந்த முனையில்தான் நின்றிருந்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன்பின் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டுவிட்டேன். எது நான் கண்டது, எது காதில் விழுந்தது என்று இப்போது பிரிக்க வரவில்லை. மார்லிஸின் கையுறை கழன்றிருந்தது. அது மட்டும் நிச்சயம்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் இளையோர் கர்லிங் இறுதியாட்டம் அது. பனித்தளத்தில் கருங்கல்லைச் சறுக்கிவிட்டு, அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்தின் நடுவுக்கு மிக அருகில் நிறுத்தும் ஆட்டம். வென்றால் தேசியப் போட்டி. வென்றால் நால்வரும் பெரியவர்கள் பிரிவிலும் சேர்ந்தே ஆடுவது, தோற்றால் அவரவர் வழி என்று இலையுதிர் காலத்திலேயே பேசி வைத்திருந்தோம். மார்லிஸுக்குப் பக்கத்து மாகாணத்துக் கால்கரியில் செவிலியர் படிப்பு, ட்வைலாவுக்கு அவள் அப்பாவின் கோதுமை வயல், எனக்கு ஏதோ ஒன்று. பேசியது நாங்கள் மூவர்தான். எங்கள் தலைவி டலீஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அணியைத் தவிர வேறொன்றையும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆட்டத்தன்று காலை உணவுக்கூடத்தில் நகரத்து அணியின் பயிற்சியாளர் ரெம்பல் தன் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். நாங்கள் மூவரும் அங்கே இருப்பதைப் பொருட்படுத்தாமல் டலீஸிடம் மட்டும் பேசினார்.

"அடுத்த வருஷம் பெரியவங்க அணி ஒண்ணு கட்டுறோம். உனக்கு இடம் இருக்கு."

"நாலு இடம் இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு. பாரும்மா, இவங்களும் நல்ல பொண்ணுங்கதான். இன்னைக்குத் தோத்தா கலைஞ்சிடப் போறாங்க, ஊருக்கே தெரியும். அப்போ நீ தனியா நின்னு என்ன பண்ணுவ?"

டலீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "தோத்த பிறகு வந்து கேளுங்க," என்றாள்.

"நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம், கண்ணு தெரியுதுல்ல?" என்றாள் ட்வைலா. ரெம்பல் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

எட்டாவது சுற்று முடிந்தபோது எட்டுக்கு நான்கு என்று பின்தங்கியிருந்தோம். மிச்சம் இரண்டே சுற்று. எங்கள் பக்கங்களில் இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எட்டாது என்று தெரிந்துவிட்டால் தோற்பவர் கையுறையைக் கழற்றிக் கை நீட்டுவார். கை குலுக்கியதும் ஆட்டம் முடிந்தது. கை நீட்டாமல் இழுத்தடிப்பது, விருந்து முடிந்த வீட்டில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் போல. சிறு வயதில் கல்லைத் தள்ளக் கற்பதற்கு முன்பே எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

எதிரணித் தலைவி கோரின் தன் கையுறையைக் கழற்றிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெற்றோர் கோட்டு மாட்டத் தொடங்கிவிட்டார்கள். மார்லிஸ் எங்கள் துணைத்தலைவி; பிறவியிலேயே மரியாதைக்காரி, யார் காலையாவது மிதித்தால் மட்டுமல்ல, தன் காலை யாராவது மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பவள். அவள் கை தானாகவே நீண்டது.

"மார்லிஸ், கையை எடு," என்றாள் டலீஸ்.

"முடிஞ்சிருச்சு டலீஸ். அசிங்கமா இருக்கு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

நடுவர் மெதுவாக நடந்து வந்தார். "கை குடுத்தாச்சா, இல்லையா?"

"என் கை இன்னும் கையுறைக்குள்ளதான் இருக்கு. தலைவி நான்."

நடுவர் கோரினைப் பார்த்தார். எங்கள் ஆட்டத்தில் கல்லில் துடைப்பம் பட்டால் பட்டவரே சொல்ல வேண்டும். அதுபோல இதையும் அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். கோரின் தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டாள். பனித்தளத்துக்கு அடியில் குளிர்க்குழாய்கள் முனகுவது கேட்டது.

"படலைன்னே வச்சுக்குங்க," என்றாள் கடைசியில். "ஆடட்டும். இன்னும் நாலு பாயின்ட் வேணும்னா போட்டுக்குறேன். ஏய் டலீஸ், சீக்கிரம் முடி. எனக்குப் பசிக்குது."

"உன் பெரோகி கொழுக்கட்டை ஆறாது, கவலைப்படாத," என்றாள் டலீஸ்.

ஒன்பதாவது சுற்றில் மார்லிஸின் முகம் சிவந்திருந்தது. அவள் அதுவரை அப்படிக் கல்லை எறிந்து நான் பார்த்ததில்லை. கோபத்தில் எறிந்தாள், யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை. நானும் ட்வைலாவும் கல்லுக்கு முன்னால் பனியைத் தோள் எரியத் தேய்த்தோம். டலீஸின் கடைசிக் கல் வட்டத்துக்குள் மெதுவாக வளைந்து வந்து நின்றபோது எங்களுக்கு மூன்று புள்ளிகள். எட்டுக்கு ஏழு. கோட்டு மாட்டியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பத்தாவது சுற்றில் கடைசிக் கல் கோரினுடையது. எங்கள் கல் ஒன்று நடுப்புள்ளியை ஒட்டி நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று காவலாக. சுற்றி வந்து எங்கள் கல்லை நகர்த்தினால் அவளுக்கு வெற்றி. அவள் கல் நன்றாகத்தான் வந்தது. கடைசி நேரத்தில் காவல் கல்லின் தோளில் உரசி விலகிப் போனது. எட்டுக்கு எட்டு.

கூடுதல் சுற்றிலும் கடைசிக் கல் அவளுக்கே. இந்த முறை அது உரசவில்லை. எங்கள் கல்லைவிட ஒரு கை அகலம் உள்ளே வந்து நின்றது. யாரும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

டலீஸ் கையுறையின் ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். "இந்தா," என்று கோரினிடம் கை நீட்டினாள்.

"பிசாசுடி நீ," என்றாள் கோரின். அந்தக் கையை உடனே விடவும் இல்லை.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்கார வேண்டும், அதுவும் வழக்கம். எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தோம். ரெம்பல் வந்து டலீஸின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"தோத்த பிறகு வரச் சொன்ன. வந்துட்டேன். அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

டலீஸ் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னோடு இருங்கள் என்று எங்களைக் கேட்க அவளுக்குத் தெரியாது.

பேசியது மார்லிஸ். "அது காலியாவே இருக்கட்டும் சார். இவளுக்கு செப்டம்பர்ல பயிற்சி இருக்கு. எங்களோட." பிறகு டலீஸ் பக்கம் திரும்பினாள். "இங்க நம்ம சஸ்கட்டூன்லயும் நர்சிங் சொல்லித்தராங்க. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை எல்லார் முன்னாலயும் என்னை அதட்டினா துடைப்பத்தாலயே போடுவேன்."

"நீ முந்திக்கிட்டுக் கை நீட்டாம இரு," என்றாள் டலீஸ். அப்போதுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

கோரின் அந்த ஆண்டு தேசியப் போட்டியில் ஆடி, ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பினாள். இப்போது வின்னிபெக்கில் பல் மருத்துவர். ரெம்பல் ஓய்வு பெற்றுவிட்டார். ட்வைலா வயலையும் ஆட்டத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டாள். முழங்கால் போனபிறகு ஆட்டத்தை விட்டாள். மார்லிஸ் செவிலியானாள். நான் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன், இன்னும் முதல் கல்லை எறிகிறேன். டலீஸ் எந்த நகரத்து அணிக்கும் போகவில்லை. எங்களோடு பெரியவர்கள் பிரிவில் மாகாணப் போட்டிக்குப் பலமுறை போனாள், ஒருமுறை வென்றாள். ஆட்டத்தின் நடுவில் அவள் ஒருநாளும் கை நீட்டியதில்லை.